குளவி கொட்டினால் நட்டஈடு, கத்தி வெட்டினால் சமாதானமா?



மலையில் குளவி கொட்டி ஒருவர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தோட்டங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். தலைவர் ஆபிசுக்குப் போய் விபத்தைப் பதியச் சொல்வார். "அது வேலை நேரமா, இல்லையா?" என்று துரை இழுத்தால் சங்கம் போய் நிற்கும். வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கிடைக்கும் காசு போதாது என்று சண்டை பிடிக்கிறோமே தவிர, கேட்கலாமா கூடாதா என்று யாரும் தயங்குவதில்லை.

குளவி கொட்டிய அதே பெண்ணை, அதே லயத்தில், ஒருவன் கவ்வாத்துக் கத்தியால் வெட்டினால்? அப்போது பேச்சு மாறிவிடுகிறது. "பொலிஸுக்குப் போனால் அலைச்சல்தான்" என்கிறார் ஒருவர். "அவனும் நம்ம ஆள்தானே, பிள்ளை குட்டிக்காரன்" என்கிறார் இன்னொருவர். மூன்றாம் நாள் கோயிலடியில் கூட்டம் கூடுகிறது. வெட்டியவனின் மாமன் ஒரு தொகையை எண்ணி வைக்கிறான். வெட்டுப்பட்டவள் கட்டுப்போட்ட கையோடு தலையை ஆட்டுகிறாள். சமாதானம் முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போகிறோம்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் அரசாங்கம் கடன்பட்டிருக்கிறது என்பதை எங்கள் மக்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவர்களுக்கு அதில் அக்கறையும் இல்லை. இந்த இதழில் அதைத்தான் பேசப் போகிறோம்.

இலங்கையில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டமாகக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பிறகு அதை நீக்கிவிட்டு 2023இல் 10ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இதற்கென்று ஒரு தேசிய அதிகார சபை, பொலிஸில் ஒரு தனிப் பிரிவு, ஒரு நிதியம் எல்லாம் உண்டு. பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. உங்கள் தோட்டத்தில் பிரட்டுக்களத்தில் நிற்கும் நூறு பேரிடம் கேட்டுப் பாருங்கள். இப்படி ஒரு அதிகார சபை இருப்பதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? கேட்டவர்கள் விடையை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.

சும்மா வந்த சட்டமும் அல்ல இது. 2002இல் கப்பல்துறைத் தொழிலாளி ஒருவரைப் பொலிஸார் ஆள் மாறிப் பிடித்து, சித்திரவதை செய்து, சாகும் நிலையில் விட்டார்கள். அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2003இல் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அதோடு முடியவில்லை. சித்திரவதை செய்தவர்களுக்கு எதிரான குற்றவியல் வழக்கில் சாட்சி சொல்ல அவர் தயாராக இருந்தார். சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்குச் சில தினங்களே இருந்தபோது, 2004 நவம்பரில், பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். எங்களைப் போல் உழைத்துச் சாப்பிட்ட ஒரு மனிதர். நட்டஈடு கிடைத்தது, உயிர் கிடைக்கவில்லை. சாட்சிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் நாட்டில் உரக்க எழுந்ததற்கு அவர் சாவும் ஒரு காரணம். அதற்குப் பிறகும் சட்டம் வரப் பத்து வருடம் ஆனது.

சட்டம் சொல்வதில் எங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறோம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்றால் அடிபட்டவர் மட்டுமல்ல. அவரை நம்பி வாழும் குடும்பத்தாரும் அதில் அடங்குவார்கள். உடம்பில் பட்ட காயம் மட்டுமல்ல, மனத்தில் பட்டதும் பொருளில் ஏற்பட்ட இழப்பும் கணக்கில் வரும். அவருக்கு வைத்தியம் பெற உரிமை உண்டு. தன் முறைப்பாட்டு விசாரணை எந்த மட்டில் நிற்கிறது, வழக்குத் தவணை என்றைக்கு, சந்தேகநபர் பிணையில் வெளியே வந்தானா என்பதையெல்லாம் அறிந்துகொள்ள உரிமை உண்டு. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனை சொல்வதற்கு முன், "இந்தக் குற்றம் என் வாழ்க்கையை இப்படிக் கெடுத்தது" என்று நீதிமன்றத்துக்குச் சொல்லவும் உரிமை உண்டு. சாட்சியையோ பாதிக்கப்பட்டவரையோ மிரட்டுவது தனிக் குற்றம். அதற்குச் சிறை உண்டு.

அடுத்தது நட்டஈடு. இதில் இரண்டு வழி இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை எங்கள் தலைவர்மார் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, குற்றவாளி கொடுப்பது. வழக்கு நடந்து, குற்றம் நிரூபிக்கப்பட்டு, "நட்டஈடு கட்டு" என்று நீதிமன்றம் அவனுக்குக் கட்டளை போடுவது. பாலியல் வல்லுறவு வழக்கில் பாதிக்கப்பட்டவருக்குக் குற்றவாளி நட்டஈடு கொடுக்கவே வேண்டும் என்று 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் இந்த வழியில் காசு கைக்கு வர எத்தனை நடக்க வேண்டும் என்று பாருங்கள். ஆள் பிடிபட வேண்டும். சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் அனுப்ப வேண்டும். மேல் நீதிமன்றத்தில் வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டு முடிய வேண்டும். அவன் மேன்முறையீடு செய்யாமல் இருக்க வேண்டும். கடைசியாக அவனிடம் காசும் இருக்க வேண்டும். லயத்தில் குடியிருக்கும் ஒருவன் இன்னொரு லயத்துக்காரரை வெட்டினால் அவனிடம் என்ன இருக்கும்? தீபாவளி முற்பணத்தையே தவணை முறையில் திருப்பிக் கட்டுகிறவன் அவன்.

அதனால்தான் இரண்டாவது வழி முக்கியம். அது அரசாங்கம் கொடுப்பது. அதிகார சபை தன் நிதியத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் உதவியும் வழங்கலாம். குற்றவாளியின் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. 1985 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வெளியிட்ட பிரகடனமும் இதைத்தான் சொன்னது. குற்றவாளி யார் என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்டவரே. குற்றவாளியிடமிருந்து முழு நட்டஈடு கிடைக்காத இடத்தில் அரசு முன்வர வேண்டும். மக்களைப் பாதுகாக்கிறேன் என்று வரி வாங்குகிற அரசாங்கம், பாதுகாக்கத் தவறிய இடத்தில் காசைக் கீழே வைக்க வேண்டும். இதில் தர்மம் செய்கிற பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் "வழங்கலாம்" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? கம்பனிக்காரர்களோடு கூட்டு ஒப்பந்தம் பேசிய எங்களுக்கு இந்த "லாம்" என்ற எழுத்துக்களைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "வழங்க வேண்டும்" என்றால் வாங்கலாம். "வழங்கலாம்" என்றால் வாசலில் நிற்க வேண்டும்.

பெரியவர்கள் தவறு செய்தாலும் காசைக் கட்டு என்று சொல்ல இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது என்பதை 2023 ஜனவரி 12ஆம் திகதி எல்லோரும் பார்த்தோம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தக் காசில் 10 கோடி ரூபா கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொலிஸ் மா அதிபராக இருந்தவர், புலனாய்வுத் தலைவராக இருந்தவர், பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் எல்லோருக்கும் தொகை விழுந்தது. மொத்தம் 31 கோடியே 10 இலட்சம். அந்த மக்களுக்குக் கிடைத்தது நியாயம். அவர்களுக்கு நல்ல சட்டத்தரணிகள் இருந்தார்கள், சபை இருந்தது, நாடே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் பேசுவது யாரும் பார்க்காத இடத்தில், பத்தாம் நம்பர் மலைக்குப் பின்னால் இருக்கும் லயத்தில் நடப்பதைப் பற்றி.

எங்கள் அங்கத்தவர் ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம், ஆட்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பக்கத்துக் காம்பராக்காரன் குடித்துவிட்டு வந்து தன் மனைவியை அடிக்கிறான். சத்தம் கேட்டு இந்தப் பெண் தடுக்கப் போகிறார். கத்தி இவர் வலது கையில் விழுகிறது. இரண்டு விரல்களில் நரம்பு போய்விட்டது. கொழுந்து பறிக்கிறவருக்கு வலது கை விரல் போவது என்றால் என்ன என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து நிர்ணயித்த கிலோ அவருக்கு வரவில்லை. அரைப் பேர் போட்டார்கள். தோட்ட நிர்வாகத்திடம் போனால், "இது வேலையில் நடந்த விபத்து இல்லையே" என்றார்கள். சட்டப்படி அது சரிதான், ஞாயிற்றுக்கிழமை லயத்தில் நடந்த குற்றத்துக்கு வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வராது. ஆஸ்பத்திரியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொலிஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீதிமன்றத்திலும் யாரும் சொல்லவில்லை. இப்படி ஒரு நிதியம் இருக்கிறது, இந்த முகவரிக்கு எழுது என்று ஒரு துண்டுக் கடதாசிகூட அவர் கையில் வரவில்லை. வெட்டியவன் இரண்டு கிழமையில் பிணையில் வந்துவிட்டான். வந்தது இவருக்கு எப்படித் தெரியும்? காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவன் அங்கே முகம் கழுவிக்கொண்டு நின்றான். அறிந்துகொள்ளும் உரிமை என்று சட்டத்தில் எழுதியிருப்பது அவருக்கு அப்படித்தான் கிடைத்தது.

அவருடைய வழக்குச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2024இல் வர்த்தமானியில் போட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவையே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு தவணைக்குப் போனார். 16,200 ரூபா சம்பளம் போனது. தனியே போகப் பயம் என்று தங்கை கூடப் போனார். அவருக்கும் அதே 16,200. ஆக 32,400 ரூபா. பஸ் காசு, ஆட்டோக் காசு, நீதிமன்ற வாசலில் குடித்த தேத்தண்ணி எல்லாம் இதில் சேர்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டில் பாதி நாள் "சாட்சி வரவில்லை", "அறிக்கை வரவில்லை", "சட்டத்தரணிக்குச் சுகமில்லை" என்று பத்து நிமிடத்தில் தள்ளிப்போட்ட நாட்கள். குற்றம் செய்தவன் ஒரு தரம் வெட்டினான், தவணை ஒவ்வொரு மாதமும் வெட்டியது.

சாட்சியின் நிலைமை இதைவிட மோசம். சாட்சிப் பாதுகாப்பு என்றால் பொலிஸ் காவல், தற்காலிகத் தங்குமிடம், வேறு இடத்துக்கு மாற்றுவது என்றெல்லாம் இருக்கிறது. டவுனில் சொந்த வீட்டில் இருப்பவருக்கு இது விளங்கும். லயத்தில் இருப்பவருக்கு? எங்கள் கூரை வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. தோட்டத்தை விட்டுப் போனால் செக்ரோலில் பேர் போகும். பேர் போனால் காம்பரா போகும். இருநூறு வருடமாக இந்த மண்ணில் இருந்தும் எங்களில் பெரும்பாலானவர்களுக்குக் காணி உறுதி இல்லை. ஆகவே "உங்களை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம்" என்று யாராவது சொன்னால், அது சாட்சிக்குப் பாதுகாப்பு ஆகாது. அவர் வேலையையும் வீட்டையும் சேர்த்துப் பறிப்பதாகவே முடியும். குற்றவாளியை அந்த லயத்துப் பக்கம் வராதே என்று பிணை நிபந்தனை போடுங்கள், சாட்சியை ஏன் மாற்றுகிறீர்கள் என்றுதான் நாங்கள் கேட்போம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். குற்றம் செய்தவர் லயத்துக்காரராக இல்லாமல், வேலை வாங்குகிறவராக இருந்தால் என்ன நடக்கும்? கொழுந்தை நிறுக்கிறவர் அவர். எந்த மலைக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கிறவர் அவர். லீவுக்குக் கையெழுத்து வைக்கிறவர் அவர். பார்த்த பத்துப் பெண்களும் பார்க்கவில்லை என்கிறார்கள் என்று பொலிஸ் சொல்கிறது. அவர்களுக்குக் கண் தெரியாமல் போகவில்லை. நாளைக்குப் பேர் விழுமா என்ற யோசனைதான். தோட்டத்தில் சாட்சியை மிரட்ட துவக்கு வேண்டியதில்லை, தராசு போதும். சாட்சி சொன்னவரின் வேலையில் கைவைத்தால் அதையும் மிரட்டலாகவே எடுத்து வழக்குப் போட வேண்டும். நிறுவை குறைந்தது, தூர மலைக்கு மாற்றியது, ஓவர்டைம் நிறுத்தியது எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வைக்கும்படி எங்கள் தோட்டக் கமிட்டிகளைக் கேட்டுக்கொள்கிறோம். எழுதி வைத்த கொப்பிதான் பிறகு பேசும்.

மொழியைப் பற்றிப் பேசாமல் மலையகத்தில் எதையும் பேச முடியாது. 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவைக் கேளுங்கள். முறைப்பாட்டை வாயால் சொன்னால், எந்த மொழியில் சொல்லப்படுகிறதோ அந்த மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். அதாவது நீங்கள் வெள்ளைக் கடதாசியில் தமிழில் எழுதிக் கொண்டுபோனால் அதைப் பொலிஸ் தட்ட முடியாது. நடப்பது என்ன? நாங்கள் தமிழில் சொல்கிறோம், உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுகிறார், வாசித்துக் காட்டியதும் சிங்களம், கையெழுத்து மட்டும் தமிழ். மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில், "நீ பொலிஸில் இப்படிச் சொல்லவில்லையே" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும்போது எங்கள் பெண் திகைத்து நிற்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு, எழுதியது வேறு. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்புக் கேட்க அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகள் என்று 1999இலேயே பிரகடனம் செய்துவிட்டார்கள். காகிதத்தில் எங்களுக்குக் குறைவேயில்லை!

இனி, சமாதானம். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

அண்டை வீட்டுச் சண்டை, கோழி திருடியது, தண்ணீர்க் குழாய்த் தகராறு போன்றவற்றைப் பேசித் தீர்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியஸ்த சபையே இருக்கிறது. கோயிலடியில் தீர்த்தாலும் சரி. ஆனால் சிறு பிள்ளையைக் கெடுத்ததைப் பேசித் தீர்க்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. தோட்டத் தலைவருக்கும் கிடையாது, மாதர் சங்கத் தலைவிக்கும் கிடையாது, கோயில் கமிட்டிக்கும் கிடையாது, பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் கிடையாது, பிள்ளையின் தகப்பனுக்கும் கிடையாது. அது மத்தியஸ்த சபைக்கும் போகாது. அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்குக் கொஞ்சம் காசைக் கொடுத்து வாயை மூடுகிறவர் நியாயம் பேசவில்லை, குற்றத்துக்குத் துணை போகிறார். எந்தச் சங்கத்தின் கொடியைப் பிடிக்கிறவராக இருந்தாலும் இதுதான் எங்கள் சொல்.

"ஊர் மானம் போகும்" என்கிறார்கள். யாருடைய மானம்? அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டது. பதினாறு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. செய்தவன் திருவிழாவில் காவடி எடுக்கிறான். இதில் மானத்தோடு இருப்பது யார் என்று கோயில் கமிட்டி எங்களுக்குச் சொல்லட்டும்.

கொழும்பு என்று எழுதியதும் நினைவு வருகிறது. 2021 ஜூலையில், வீட்டு வேலைக்குப் போன மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு கொழும்பில் இறந்தாள். 2023 மே மாதம் பதுளைப் பக்கத்திலிருந்து போய் வீட்டு வேலை செய்த ஒரு தாய், திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிபட்டுப் பொலிஸ் காவலில் இருந்தபோது இறந்தார். இரண்டுக்கும் மலையகத்தில் கொதிப்பு எழுந்தது. பதாதை பிடித்தோம், ஊர்வலம் போனோம். அரசியல்வாதிகள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஊர்வலம் ஒரு நாளில் முடிகிறது. வழக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் கொழும்பு போய் வர அந்தக் குடும்பங்களைப் போன்றவர்களுக்கு பஸ் காசு யார் தருவது? எதிர்த்தரப்பில் பெரிய சட்டத்தரணிகள் வரிசையாக நிற்கும்போது இவர்கள் பக்கத்தில் யார் நிற்பது? பதாதைக்குச் செலவழித்த துணிக்காசைப் போல நூறு மடங்கு அங்கே தேவைப்படுகிறது.

"சங்கம் சம்பளத்தைப் பேசட்டும், இந்தக் குற்ற வழக்கெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் உறுப்பினர்களிலேயே இருக்கிறார்கள். மேலே சொன்ன 32,400 ரூபாவை இன்னொரு தரம் பாருங்கள். அது சம்பளம் இல்லையா? விரல் போன பெண்ணுக்கு அரைப் பேர் விழுவது சம்பளப் பிரச்சினை இல்லையா? சாட்சி சொன்னதற்காகத் தூர மலைக்கு அனுப்பினால் அதைக் கேட்காமல் சந்தா வாங்குகிற சங்கம் எதற்கு?

அரசாங்கத்திடம் நாங்கள் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அதிகார சபை கொழும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "வாருங்கள், விண்ணப்பியுங்கள்" என்றால் போதாது. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போக நாலைந்து மணித்தியாலம். மலைத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு இறங்கவே பாதி நாள் போய்விடும். நுவரெலியாவிலும் பதுளையிலும் அதிகார சபைக்கு அலுவலகம் வேண்டும், தமிழில் பேசி, தமிழில் விண்ணப்பம் வாங்கும் அலுவலகம். இரத்தினபுரி, கேகாலை, கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் மாதத்தில் சில நாளாவது ஆள் வர வேண்டும். காயத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே முதல் உதவித் தொகை கையில் கிடைக்க வேண்டும், தீர்ப்பு வரும் வரை பிள்ளைகள் பசியோடு காத்திருக்காது. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாட்டுத் துண்டோடு சேர்த்து உரிமைகளை எழுதிய தமிழ்க் கடதாசியைக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். நீதிமன்றத்துக்குச் சாட்சியாகப் போகும் நாளுக்கு நாட்சம்பளத்துக்குக் குறையாத தொகை கிடைக்க வேண்டும், அன்றைய நாள் தோட்டத்தில் வராத நாளாக எண்ணப்படவும் கூடாது. ஊழியர் சேமலாப நிதிக்கும் தீபாவளி முற்பணத்துக்கும் வேலை நாள் கணக்கைக் காட்டிக் குறைக்கிற கம்பனிகளுக்கு இது பிடிக்காது என்று தெரியும். பேசுவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டத்தில் இருக்கும் அந்த "வழங்கலாம்" என்பதை, உயிர் போன வழக்கிலும் அங்கம் போன வழக்கிலும் சிறுவர் வழக்கிலுமாவது, "வழங்க வேண்டும்" என்று மாற்ற வேண்டும். காசு இல்லை என்பார்கள். குற்ற வழக்குகளில் தண்டப்பணம் என்று நீதிமன்றங்கள் தினமும் அறவிடுவது எவ்வளவு, அதில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போவது எவ்வளவு என்று பாராளுமன்றத்தில் கணக்கு வைக்கட்டும், பிறகு பேசலாம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் முடியாது. இன்றைக்கு இருக்கிற சட்டத்திலேயே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. யாராவது தாக்கப்பட்டால் முதலில் ஆஸ்பத்திரி. தோட்ட மருந்தகத்தில் கட்டுப்போட்டு அனுப்ப விடாதீர்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் அனுமதித்து, பொலிஸ் வழக்கு என்று பதியச் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை அங்கிருந்துதான் வரும், அது இல்லாமல் நட்டஈடு கேட்பது கஷ்டம். பாலியல் வன்முறை என்றால் குளிப்பாட்டாதீர்கள், உடுப்பைக் கழுவாதீர்கள், கடதாசிப் பையில் போட்டு அப்படியே கொண்டு போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதி இரண்டு பிரதி எடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் நடக்கும் அடிதடிக்கு 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கணவனைச் சிறைக்கு அனுப்பினால்தான் பாதுகாப்பு என்று இல்லை. பிள்ளைகள் விஷயம் என்றால் 1929, பெண்கள் விஷயம் என்றால் 1938 என்ற இலக்கங்களைக் கொழுந்து மடுவத்துச் சுவரில் எழுதி வையுங்கள், அழிக்கிறவர் யார் என்றும் பார்த்து வையுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மிரட்டல் வந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுங்கள், நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் நீதவானுக்கும் அறிவியுங்கள்.

விரல் போன எங்கள் அங்கத்தவருக்காக அதிகார சபைக்கு விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டோம். ஆஸ்பத்திரித் துண்டு, முறைப்பாட்டுப் பிரதி, தவணை நாட்களின் பட்டியல், மூன்று வருடச் சம்பளத் துண்டு எல்லாம் இணைத்திருக்கிறோம். பதில் வந்தால் வந்ததை வந்தபடியே இந்த இதழில் போடுவோம். வராவிட்டால் வரவில்லை என்றும் ஒவ்வொரு மாதமும் போடுவோம். இதைப் போன்ற வழக்கு உள்ள தோட்டங்கள் காயப்பட்டவரின் ஆவணப் பிரதிகளை மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், எங்களிடமும் கொடுக்காதீர்கள். சட்டத் திருத்தம் கேட்டு நீதி அமைச்சருக்கு அனுப்பும் மகஜரின் கையெழுத்துப் படிவங்கள் தோட்டக் கமிட்டிச் செயலாளர்களிடம் இருக்கின்றன. சம்பள நாளன்று அவர்கள் பிரட்டுக்களத்தில் நிற்பார்கள்.